மலையில்லாத தீவில் ஒரு மலைப்பெயர்

படகிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் தம் பெயரைச் சொன்னபோது அகைட்டி நம்பவில்லை. லெஸ்லி அண்டர்ஹில் என்றார். அந்தத் தீவில் பிறந்தவர்கள், பிறந்து இறந்தவர்கள் எல்லாருமே அண்டர்ஹில்கள்தாம். இங்கிலாந்திலிருந்து வந்து அந்தப் பவழத்திட்டில் குடியேறிய கப்பல் தச்சன் ஒருவனும் அவனுடைய மூன்று மனைவியரும் தொடங்கிவைத்த குலம் அது. அகைட்டி திருமணத்துக்கு முன்பும் அண்டர்ஹில், பின்பும் அண்டர்ஹில். புதுக் கையெழுத்துப் பழகும் சிரமம் அங்கே பெண்களுக்கு இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் அதே பெயரோடு வந்து நின்றால், எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். கேட்டுப் பெற அங்கே நிலத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

"நிலத்துக்குத்தான் வந்திருக்கார்," என்று கொழுந்தன் தெய்னாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணி, என்ஜின் புகையக் கிளப்பிக்கிட்டு ஓட்டி, மேற்கு வீட்டுப் படகை முந்திட்டு வந்திருக்கேன். சந்தேகத்தை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல மனுஷனுக்குச் சோறு போடுங்க."

வழக்கம் அப்படி. தச்சனின் மூன்று மனைவியரிடமிருந்து கிழக்கு வீடு, நடு வீடு, மேற்கு வீடு என மூன்று வீடுகள் கிளைத்திருந்தன. கப்பல் பவழத்திட்டுக்கு வெளியே வந்து நின்றதும் மூன்று வீட்டுப் படகுகளும் விரையும். எந்தப் படகு முதலில் கப்பலைத் தொடுகிறதோ, அந்த வீட்டுக்குத்தான் விருந்தாளி. அவருக்குச் சோறும் படுக்கையும் கொடுப்பது மட்டுமல்ல, அவர் பிறரிடம் கொடுப்பதும் பிறரிடமிருந்து பெறுவதும் அந்த வீட்டின் கை வழியாகத்தான் நடக்கவேண்டும். இந்த முறை நடு வீடு முந்திவிட்டது. நடு வீட்டின் மூத்த மருமகள் அகைட்டி. கணவன் துவாய்னே கடலில் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டின் சாவியும் சொல்லும் அவளுடையவை.

கப்பலின் சமையற்காரர் முன்சாமியும் உடன் வந்திருந்தார். ஃபிஜிக்காரர். பாட்டன் காலத்தில் தமிழகத்திலிருந்து கரும்புத்தோட்ட வேலைக்குப் போன குடும்பம். கப்பல் நிற்கும்போதெல்லாம் கரைக்கு வந்து யார் வீட்டிலாவது சாப்பிட்டுப் போவார். மிளகாய் ஊறுகாய்ப் புட்டியைத் தம் பையிலேயே கொண்டுவருவார். தேங்காய்ப்பாலில் ஊறிய கிளிமீன் துண்டுகளின்மேல் அதை அவர் ஊற்றுவதைப் பார்த்து லெஸ்லிக்குக் கண் கலங்கியது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று அகைட்டி நேராகவே கேட்டாள்.

"எச்சிலுக்கு," என்றார் லெஸ்லி.

தெய்னா மெல்லுவதை நிறுத்தினான்.

லெஸ்லி ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்து, மூடியிட்ட சிறு குழாய்களைக் காட்டினார். அண்டர்ஹில் என்ற பெயரைத் தாங்கியவர்களெல்லாம் ஒரே குலமா என்பதை அறிய, ஓய்வுபெற்ற பிறகு ஊர் ஊராக அலைகிறாராம். தகப்பனிடமிருந்து மகனுக்குக் குடும்பப்பெயர் போவதுபோலவே, உடம்புக்குள் ஒரு கூறும் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறதாம். ஆணின் எச்சிலில் அதைப் படித்துவிடலாமாம்.

"மூணு வீடும் ஒரே தகப்பன் வழிதானே? எல்லா எச்சிலும் ஒண்ணுதானே சொல்லும்?" என்றாள் அகைட்டி.

"இல்லைங்க. வீடு பிரிஞ்ச பிறகு ஒவ்வொரு வீட்டுலயும் சின்னச் சின்ன மாற்றம் சேர்ந்திருக்கும். எது எந்த வீடுன்னுகூடச் சொல்லிடலாம்."

அகைட்டி தட்டைக் கீழே வைத்தாள். அதுவரை நிலத்தைப்பற்றி மட்டுமே இருந்த அவளுடைய சந்தேகம், நெடுநாளாக உள்ளே கிடந்த இன்னொன்றின்மேல் போய் முட்டியது.

அவள் மகள் மெத்துவாவுக்கும் மேற்கு வீட்டு ரோங்கோவுக்கும் அடுத்த கப்பல் வரும்போது திருமணம் என்று பேசி முடித்தாயிற்று. வீடு விட்டு வீடு கொடுக்கலாம்; ஒரே வீட்டுக்குள் கூடாது. தச்சன் வகுத்த அந்த விதியை மீறியவர் எவருமில்லை. ஆனால் ரோங்கோ மேற்கு வீட்டுப் பிள்ளைதானா? அவன் தாய் போகோ நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்தவள். மருத்துவம் பார்க்கவென்று பெரிய தீவான ரரோட்டோங்காவுக்குக் கப்பலேறினாள். கணவன் தீவிலேயே இருந்தான். வயிறு தெரியப் போகவில்லை. ஓராண்டுக்குமேல் கழித்துக் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். புது என்ஜின் வாங்கவென்று அதே கப்பலில் சென்று, அதே கப்பலில் திரும்பியவன் துவாய்னே. ஓர் என்ஜின் வாங்க ஓராண்டா என்று அன்று அகைட்டி கேட்டாள். "நல்ல என்ஜின் கிடைக்கவேண்டாமா?" என்றான். வந்த என்ஜின் அடுத்த மழைக்காலத்திலேயே நின்றுபோனது.

ரோங்கோ இடக்கையால் மீன் அறுப்பான், துவாய்னேயும் அப்படியே. வேடிக்கையைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவான், துவாய்னேயும் அப்படியே. இவற்றையெல்லாம் அகைட்டி மட்டுமே கண்டாள். எவரிடமும் சொல்லவில்லை. சந்தேகம் பொய்யானால் அவள் வாய்க்குக் கேடு. மெய்யானால் அவள் மகள் சொந்த அண்ணனையே மணக்கப்போகிறாள்.

மறுநாள் ஊர்க்கூடத்தில் லெஸ்லி பெயரின் பொருளைச் சொன்னார். மலைக்குக் கீழே குடியிருப்பவர் என்பதே அண்டர்ஹில்லுக்குப் பொருள்.

கூடம் வெடித்துச் சிரித்தது. அலை பெரிதானால் கோயில் படிவரை நீர் ஏறும் தீவு அது. அங்கே உயரமான பொருள் தென்னைமரம்.

"எந்த மலைங்க?" என்றான் கிழக்கு வீட்டுத் தலைவன் மனாரங்கி. அகைட்டியின் உடன்பிறந்த அண்ணன் அவன். "இங்க பெரிய மேடுன்னா எங்க பன்றிக் கொட்டடிக் குப்பைதான். எல்லாரும் வாங்க, அதுக்குக் கீழே குடியிருக்கலாம்!"

லெஸ்லியும் சிரித்தார். இங்கிலாந்தில் மலைகள் பல. ஒவ்வொரு மலையின் அடியிலும் யாரோ ஒருவர் இருந்தார். ஊரார் அவரை அப்படியே அழைத்தார்கள். ஆகையால் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரத்தம் ஒன்றாகிவிடாது என்றார். வீட்டுக்கு ஒரு குழாய் கேட்டார்.

சிரிப்பு அடங்கியது. எச்சிலை அயலாரிடம் கொடுப்பதா? வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும்கூட மண்ணில் புதைத்துவிடும் மக்கள் அவர்கள். அதிலும் லெஸ்லி நடு வீட்டு விருந்தாளி என்பதால் குழாய்கள் அகைட்டியின் கைக்கு வந்த பிறகுதான் பெட்டிக்குள் போகும். தங்கையை நம்பி மனாரங்கி துப்பினான். தீங்கு வராதிருக்க மூன்று முறை எதையோ முணுமுணுத்தும் கொண்டான். நடு வீட்டுக்காகத் தெய்னா துப்பினான். மேற்கு வீட்டுத் தலைவன் தமாத்தோவா, குழாயை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

கப்பல் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் மேற்கு வீட்டுக் குழாய் வந்தது. துணியில் சுற்றி, மேலே தமாத்தோவாவின் பெயரை எழுதியிருந்தார்கள். கொண்டுவந்தவன் ரோங்கோ.

"உங்க பெரியப்பா துப்பினாரா?" என்று அகைட்டி கேட்டாள்.

ரோங்கோ சொல்லத் தொடங்குமுன்பே சிரித்துவிட்டான். "அவரா? அத்தை, அவர் எச்சில் நடு வீட்டுக் கையில போனா மறுநாளே பாரிசவாதம் வந்துடும்னு படுத்துக்கிட்டார். வீட்டுல ஒருத்தரும் மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் அவரே சொல்றார், 'ரோங்கோ, நீ அந்த வீட்டு மாப்பிள்ளையாகப் போறவன், உன்னை அவங்க ஒண்ணும் செஞ்சிட மாட்டாங்க, நீ துப்பு'ன்னு. நம்ம எல்லார்க்கும் ஒரே எச்சில்தானே அத்தை? அதான் துப்பிட்டேன்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் துப்பும்போது அம்மா கைகழுவப் போறேன்னு எழுந்து போனாங்க. அவங்களுக்கு இதெல்லாம் அருவருப்பு."

அகைட்டி குழாயை வாங்கிக்கொண்டாள். தான் கேட்க அஞ்சியது கேளாமலே கைக்கு வந்து சேர்ந்தது. அது துவாய்னேயின் வழி என்றால் தெய்னாவின் குழாயோடு ஒட்டிப்போகும். ஒட்டிப்போனால் திருமணம் இல்லை. பெட்டிக்குள் வைத்து, பூட்டி, சாவியை லெஸ்லியிடம் கொடுத்தாள்.

கரையில் ஊரே நின்று கையசைத்தது. போகோ மட்டும் வரவில்லை. கப்பல் வந்த நாளில் போகோ கரைக்கு வருவதே இல்லை என்பதை அகைட்டி முன்பே கவனித்திருந்தாள். துவாய்னேயோடு ஏறிய கப்பலை அவளால் பார்க்க முடியவில்லை என்றே அதற்குப் பொருள் வைத்திருந்தாள்.

அதன் பிறகு வந்த மாதங்களில் அகைட்டி எவரிடமும் இயல்பாகப் பேசவில்லை. திருமண மெத்தைவிரிப்புக்குத் துணி வெட்டும்போது போகோ பக்கத்தில் உட்கார்ந்தால் கத்திரிக்கோலை நிறுத்திவிடுவாள்.

"என்ன சம்பந்தி, வெட்டுங்க. உங்க துணியை நான் தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்?"

"நீங்க எதையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

போகோ ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள்; நூல் காதுக்குள் நுழையவே இல்லை.

மெத்துவா ஒருநாள் வெடித்தாள். "அம்மா, ரோங்கோ சாப்பிடும்போது அவன் கையையே ஏன் பார்க்கறீங்க? திருடனைப் பார்க்கற மாதிரி இருக்கு. அவன் சோத்தைக் கீழே போடறான் பயத்துல!"

"இடக்கையால சாப்பிட்டா சோறு கீழேதான் விழும்."

"நானும் இடக்கைதான்!"

அதுதான் அகைட்டியின் தொண்டையில் நின்றது.

முடிவு கப்பலுக்கு முன்பே வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து, தொப்பிகளைக்கூடக் கழற்றாமல் எல்லாரும் ஊர்க்கூடத்துக்கு வந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த திரையில் லெஸ்லியின் முகம் தெரிந்தது. குரல் சற்றுப் பின்தங்கி வந்தது.

கிழக்கு வீடும் நடு வீடும் ஒரே தகப்பனின் கிளைகள் என்றார். அந்தத் தகப்பன் வழி இங்கிலாந்தில் டெவன் பகுதியில் இன்றும் இருக்கும் ஓர் அண்டர்ஹில் குடும்பத்தோடு பொருந்துகிறதாம்.

"ஆனா என்னோட பொருந்தலை," என்றார் வருத்தமாக. "நான் வேற மலை."

"அடடா," என்றான் மனாரங்கி. "அப்போ நிலம் கேட்க மாட்டீங்களே?"

கூடம் சிரித்தது. அகைட்டி சிரிக்கவில்லை. அவள் ஒரு வீட்டின் பெயருக்காகக் காத்திருந்தாள்.

"மேற்கு வீட்டுக் குழாய்..." லெஸ்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. அது அண்டர்ஹில் வழியே இல்லை. இங்கிலாந்தும் இல்லை, இந்தத் தீவுகளும் இல்லை. ஆசியாவோட தென்பக்கம். அனேகமா தென்னிந்தியா."

கிழக்கு வீட்டு வரிசையிலிருந்து யாரோ, "தமாத்தோவா வீட்டுல ஏன் அவ்வளவு காரம் போடறாங்கன்னு இப்பதானே புரியுது!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது, இந்த முறை அது குத்தியது.

மனாரங்கி எழுந்து நின்றான். "சிரிக்கிற விஷயம் இல்லை இது. தச்சனோட ரத்தத்துக்குத்தான் நிலம். வெளி ரத்தத்துக்கு இல்லை. மேற்கு வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்ததை மறுபடி பேசணும்."

"என்னடா பேசணும்?" தமாத்தோவா பாய்ந்தெழுந்ததில் பலகை பின்னால் சரிந்தது. "எங்க தாத்தன் யாருன்னு உன் தாத்தனைக் கேளு!"

"செத்தவரை எப்படிக் கேட்கிறது? எச்சிலைத்தானே கேட்டோம்!"

அந்தச் சத்தத்தின் நடுவில் அகைட்டிக்கு மட்டும் காது அடைத்துப்போயிருந்தது. துவாய்னே இல்லை. அவளுக்குள் எழுந்து நின்ற முதல் சொல் அதுவே. அந்த எச்சில் ரோங்கோவின் எச்சில். அதில் துவாய்னே இல்லை. ஓராண்டு அவன் என்ஜினைத்தான் தேடினான் போலும். மட்டமான என்ஜினைத் தேடவும் ஓராண்டு ஆகுமென்றால் அது துவாய்னேவுக்குத்தான் ஆகும். இடக்கைக்காரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மகளுக்கு எந்தத் தடையும் இல்லை. அவள் மூச்சு இறங்கியது.

இறங்கிய மூச்சோடு நிமிர்ந்தவள் தமாத்தோவாவின் முகத்தைக் கண்டாள். அவன் உதடுகள் ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டிருந்தன. அடுத்து அவன் சொல்லப்போவது இன்னதென்று அவளுக்குத் தெரிந்தது: அது என் எச்சில் இல்லை, ரோங்கோவின் எச்சில். வீட்டைக் காக்க அவனுக்கு வேறு வழியில்லை. சொன்ன கணமே மேற்கு வீடு தப்பும், ரோங்கோ தப்பமாட்டான். வெளி இரத்தத்துக்குத் தீவில் நிலமில்லை. நிலமில்லாதவன் விருந்தாளி, விருந்தாளி கப்பல் வந்ததும் ஏறிப் போகவேண்டியவன். மெத்துவா அவனோடு ஏறிப்போவாள்.

அகைட்டி போகோவைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பியின் விளிம்பு தாழ்ந்திருந்தது. கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. கப்பலைப் பார்க்க மாட்டாத பெண். அந்தக் கப்பலில் அன்றும் ஃபிஜிக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஊறுகாய்ப் புட்டிகளும் இருந்திருக்கும். இல்லை, ரரோட்டோங்கா மருத்துவமனையில் யாரோ பெற்றுவைத்த பிள்ளையாகவும் இருக்கலாம். எதுவானாலும், தன் மகன் குழாயில் துப்பியபோது எழுந்து போனவளுக்கு அருவருப்பு இருந்திருக்காது.

தமாத்தோவா வாயைத் திறந்தான். "அந்தக் குழாயில..."

"அந்தக் குழாய் உடைஞ்சிடுச்சு," என்றாள் அகைட்டி.

கூடம் அவள் பக்கம் திரும்பியது.

"மேற்கு வீட்டுக் குழாய். நான்தான் கீழே போட்டு உடைச்சேன். துணியோட வந்தது, வழுக்கிடுச்சு. மறுபடி அவங்ககிட்டப் போய் நிக்க மனசில்லை. நடு வீட்டு விருந்தாளி காரியத்துல மேற்கு வீட்டுக்கு முன்னால தலைகுனியறதா? கப்பல் வேற கிளம்பிட்டிருந்தது. பெட்டியில மீதிக் குழாய் ஒண்ணு இருந்தது. முன்சாமி எங்க வீட்டுலதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அவரைத் துப்பச் சொல்லி, மேல தமாத்தோவா பேரை எழுதி வச்சுட்டேன்."

திரையில் லெஸ்லி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஊறுகாய்க்காரரா? ஃபிஜிக்காரர்... ஆமாங்க. அது சரியாப் பொருந்துதுங்க! எனக்கும் ஆச்சரியமாவே இருந்தது."

அதன் பிறகு எழுந்த கூச்சல் பவழத்திட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

"எனக்கு அப்பவே தெரியும்!" என்று தமாத்தோவா நெஞ்சில் அறைந்துகொண்டான். "நடு வீட்டுக் கைக்கு எச்சில் போகக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? கிழவி என் பேரை ஃபிஜிக்காரன் எச்சில்ல எழுதியிருக்கா!"

"அகைட்டி, நீயா?" என்றான் மனாரங்கி. "ஊர்ல எல்லாரையும் பொய்க்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியற நீயா?"

"அண்ணி," என்றான் தெய்னா, அவளுக்கு மட்டும் கேட்க. "முன்சாமி முதல் நாள் சாப்பிட்டதோட சரி. அப்புறம் நம்ம வீட்டுப் பக்கமே வரலையே?"

"உனக்கு என்ஜின் புகையில எல்லாம் மறந்துபோச்சு. வாயை மூடு."

எல்லாரும் உடனே நம்பினார்கள். அது அவளைச் சற்று உறுத்தியது. தன் வாழ்நாளில் சொன்ன மெய்களுள் ஒன்றையேனும் இத்தனை விரைவாக ஊர் ஏற்றுக்கொண்டதாக அவளுக்கு நினைவில்லை.

மற்ற இரண்டு வீட்டுத் தலைவர்களும் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்கள். விருந்தாளியின் காரியத்தில் ஏமாற்றிய நடு வீடு, தன் கொட்டடியிலிருக்கும் பெரிய பன்றியைச் சுட்டு ஊருக்கு விருந்து வைக்கவேண்டும். அடுத்த கப்பலுக்கு நடு வீட்டுப் படகு போகக்கூடாது. தெய்னா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

"புதுக் குழாய் அனுப்புங்க," என்று தமாத்தோவா திரையைப் பார்த்து விரலை நீட்டினான். "இந்தத் தடவை என் வாயாலேயே துப்பறேன். ஊர் பார்க்கத் துப்பறேன். கப்பல்ல நானே ஏத்திவிடறேன். எவ கையிலயும் குடுக்க மாட்டேன்!"

அப்படியே செய்யட்டும் என்று அகைட்டி நினைத்தாள். அந்த எச்சில் சொல்லவேண்டியதைச் சொல்லும்.

கூட்டம் கலைந்தது. ரோங்கோ அவள் அருகில் வந்து நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, குழப்பமே இருந்தது. "நான் துப்பினது உடைஞ்சே போச்சா, அத்தை?"

"உடைஞ்சு போச்சு."

"மணல்லயா?"

"மணல்லதான். நல்லாப் புதைச்சிட்டேன். பயப்படாதே."

அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். மெத்துவா தாயைப் பார்த்த பார்வையில் வெட்கம் இருந்தது. இப்படிப்பட்டவளுக்குப் பிறந்தோமே என்ற வெட்கம். அகைட்டி அதை வாங்கிக்கொண்டாள். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். இரண்டும் இடக்கை என்பதால் கோப்பதற்குச் சற்றுத் தடுமாறினார்கள்.

விருந்துக்கான அடுப்புக்குழியைத் தெய்னா முனகிக்கொண்டே தோண்டிக்கொண்டிருந்தபோது போகோ வந்தாள். கயிற்றின் முனையில் ஒரு பன்றியை இழுத்துக்கொண்டு வந்தாள். நடு வீட்டுப் பன்றியைவிடப் பெரியது.

"கல்யாணத்துக்கு வச்சிருந்த பன்றியை நீங்க இன்னிக்குச் சுட்டுட்டா கல்யாணத்தன்னிக்கு என்ன செய்வீங்க சம்பந்தி? இதைக் கட்டிவைங்க."

"மேற்கு வீட்டுப் பன்றியை நடு வீட்டுக் கொட்டடியில கட்டினா தமாத்தோவா சண்டைக்கு வருவாரே."

"வந்தா என் பன்றின்னு சொல்லிக்கறேன்."

இருவரும் கயிற்றை மரத்தில் கட்டினார்கள். போகோவுக்கு முடிச்சு விழவில்லை. அகைட்டி அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி, தானே இறுக்கி முடிந்தாள்.

"அகைட்டி," என்றாள் போகோ. சம்பந்தி என்று சொல்லவில்லை. "ரரோட்டோங்காவுல..."

கேட்கவேண்டிய கேள்விகள் அத்தனையும் அகைட்டியின் நாக்கின்மேல் வரிசையாக வந்து நின்றன. இத்தனை ஆண்டுகளாக அடுக்கி, தேய்த்து, கூராக்கி வைத்திருந்த கேள்விகள். துவாய்னேவுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் அவற்றுள் ஒன்று.

"ரரோட்டோங்காவுல துணி நல்லாக் கிடைக்கும்," என்றாள் அகைட்டி. "மெத்தைவிரிப்புக்கு இன்னும் கொஞ்சம் வேணும். நாளைக்கு வந்து உட்காருங்க. வெட்டறதை முடிச்சிடலாம்."

போகோ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அகைட்டி பன்றியைச் சுற்றிவந்து, காதைத் தூக்கிப் பார்த்து, பல்லைப் பார்த்து, முதுகைத் தட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, பன்றி மேலயும் சந்தேகமா?" என்றான் தெய்னா குழிக்குள்ளிருந்து.

"தோண்டு," என்றாள் அவள்.